கன்னம் சுரண்டிக் கிடைத்த பெரியப்பா

என் பெரியப்பாவைக் கொளுத்திய பிறகுதான் என் அப்பாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. இதைக் கேட்கிறவர்கள் ஒரு நிமிஷம் திகைத்துப் போவார்கள். அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். அதனால் இந்தக் கதையை எப்போதும் இப்படித்தான் ஆரம்பிப்பேன்.

நடந்தது இதுதான். எங்கள் வீடு திருவனந்தபுரத்தில் வலியசாலை அக்கிரகாரத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு ஒரே ஒரு அண்ணா. ஐம்பதுகளில் ஒரு கோடையில், பள்ளி இறுதித் தேர்வில் இரண்டாம் தடவையும் தோற்ற அன்று, குளத்தில் குளித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவர் திரும்பவில்லை. படிக்கட்டில் அவருடைய துண்டு மட்டும் கிடந்தது. ஆட்களை இறக்கிக் குளத்தைத் துழாவினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் துண்டு இருந்ததே! தெருவே கூடி அந்தத் துண்டை வைத்து ஒரு சாவை முடிவு செய்துவிட்டது.

உடல் கிடைக்காவிட்டால் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது சாஸ்திரம். காத்திருந்தார்கள். அதற்குள் அப்பாவுக்கு வேலை கிடைத்தது, ஜாதகங்கள் வந்தன. ஆனால் அண்ணா கல்யாணமாகாமல் இருக்கும்போது தம்பி மணையில் உட்காரக் கூடாது. அண்ணா இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாவிட்டால் என்ன செய்வது? பன்னிரண்டு வருஷம் முடிந்ததும் தாத்தா முடிவு செய்தார். தர்ப்பைப் புல்லால் ஆள் மாதிரி ஓர் உருவம் கட்டி, அதற்குப் பெரியப்பாவின் பெயரைச் சொல்லி, அப்பா கையாலேயே கொள்ளி வைக்கச் செய்தார். மறு வருஷம் அப்பாவுக்குக் கல்யாணம். அப்புறம் நான், அப்புறம் என் தம்பி.

நான் சின்ன வயதில் அடங்காப்பிடாரி. அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறினால் ஒரே வார்த்தைதான். "உன்னைப் பெத்துக்கறதுக்கா ஒருத்தரைக் கொளுத்தினோம்!" விளையாட்டாகத்தான் சொல்வாள். ஆனால் அது என் மனசில் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. பரீட்சையில் மார்க் குறைந்தால்கூட, அந்த ஆளுக்கு நான் ஈடாகவில்லை என்று தோன்றும்.

ஒவ்வொரு வருஷமும் மிதுன மாத, அதாவது ஆனி, அமாவாசையில் பெரியப்பாவுக்குத் திவசம். அம்மா விடிவதற்கு முன் குளித்து, ஈரப்புடவையோடு அடுப்பு மூட்டுவாள். உளுந்து வடை, எள்ளுருண்டை, பிரண்டைத் துவையல், சேப்பங்கிழங்கு, மோர்க்குழம்பு என்று அது தனிச் சமையல். அதில் ஒரு கொடுமை உண்டு. சமைக்கிறவள் உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. சாப்பிட உட்காரும் பிராமணர்களும் நன்றாக இருக்கிறது, இல்லை என்று வாயைத் திறக்கக் கூடாது. அம்மா புலம்புவாள். "மூஞ்சியே பார்க்காத மச்சினருக்கு வடை தட்டித் தட்டி என் கையே தேஞ்சு போச்சு. உப்பு இருந்துதா, இல்லையான்னு ஒரு பிராணி சொன்னதில்லை!"

அப்பா அன்றைக்குப் பேசவே மாட்டார். எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது அண்ணாவின் பெயரைச் சொல்ல வேண்டும். வருஷத்தில் அவர் அந்தப் பெயரை வாயால் சொல்வது அந்த ஒரு நாள்தான். சாயங்காலம் தனியாகக் குளத்துப் பக்கம் போய்விட்டு வருவார். ஏன் போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அவன் உசிரோட இருந்திருந்தா, நான் பண்ணினது கொலையில்லையா?" என்றார்.

என் தம்பி அமெரிக்காவில் கம்ப்யூட்டர்காரன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். லீவில் வந்தவன் ஒரு சின்ன டப்பாவை மேஜைமேல் வைத்தான். உள்ளே பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி மெல்லிய குச்சிகள். கன்னத்தின் உட்புறம் சுரண்டி அனுப்பினால் டி.என்.ஏ. பார்த்து வம்சத்தைச் சொல்வார்களாம். அவன் தன்னுடையதை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தான்.

"அப்பாகிட்டேர்ந்து பிள்ளைக்கு மட்டும் போற சங்கதி ஒண்ணு இருக்கு. தலைமுறை தலைமுறையா அனேகமா மாறாம அப்படியே போகும்" என்றான்.

"அப்போ எனக்கு?"

"பெண்களுக்கு அது கிடையாது அக்கா."

"இங்கேயும் கிடையாதா! கொள்ளி வைக்கத்தான் ஆண்பிள்ளை வேணும்னு பார்த்தா, கன்னம் சுரண்டறதுக்கும் ஆண்பிள்ளையா?" எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அப்பாவும் அம்மாவும் இருக்கும் வீட்டில் தினமும் இருக்கிறவள் நான். மருந்து வாங்குகிறவள், மின்சாரக் கட்டணம் கட்டுகிறவள், தலைமைச் செயலகத்தில் நாள் முழுக்கக் கோப்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்து தோசை வார்க்கிறவளும் நான்தான்.

அப்பா நாளிதழை இறக்காமலே சொன்னார். "கோத்ரம் தெரியும். ரிஷி பேர் தெரியும். அதுக்கு மேலே என்னத்துக்காக்கும் இதெல்லாம்? வெறுதே, வீண் வேலை."

"கோத்ரத்துக்கு இல்லேப்பா. உலகம் பூரா ஜனங்க இதைப் பண்ணிண்டிருக்கா. எல்லாத்தையும் ஒரே இடத்திலே பதிஞ்சு வெச்சிருப்பா. யாரோடயாவது ஒத்துப்போச்சுன்னா ரெண்டு பேருக்கும் தகவல் வரும். காணாமப் போன சொந்தக்காராள்ளாம் கிடைக்கறா."

நாளிதழ் மெதுவாக இறங்கியது. அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் குச்சியை இங்கே கொண்டா."

"உங்களுது தனியா வேண்டாம்பா. என்னோடதிலே வர்றதுதான் உங்களுதிலேயும் வரும்."

"வரட்டும். நீ அங்கே உன் பேரைச் சுருக்கி என்னமோ வெச்சிண்டிருக்கே. அதைப் பார்த்தா அவனுக்கு என்ன தெரியும்? தேடிண்டு வந்தா என் பேர் அங்கே இருக்கணும். முழுசா இருக்கணும்."

யார் தேடிக்கொண்டு வருவது என்று யாரும் கேட்கவில்லை. அம்மா சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். தம்பி என்னைப் பார்த்தான். அண்ணா உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் கண்ணை மூடிவிடுவோமோ என்பதுதான் அப்பாவின் பயம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு முழுசாகப் புரிந்தது.

அப்பா பஞ்சாங்கம் பார்த்து, ராகுகாலம் தவிர்த்து, மத்தியானச் சாப்பாடு முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, ஆற அமரக் கன்னத்தைச் சுரண்டினார். குச்சி சிவப்பாக வந்தது. அதை அப்படியே அனுப்பினோம். மாதிரி சரியில்லை, மறுபடி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. இரண்டாம் தடவை காலையிலிருந்து வெற்றிலை தொடவில்லை. மடி வேஷ்டி கட்டிக்கொண்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, சுரண்டினார். அம்மா வாசற்படியில் நின்றபடி, "மந்திரம் ஒண்ணுதான் பாக்கி" என்றாள்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அந்தப் பதிவேட்டில் இந்தியர்களே அப்போது ஏதோ விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்களாம். தினமும் ஆபீசிலிருந்து நான் வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன் அப்பா கேட்பார். "பார்த்தியா?" கம்ப்யூட்டரைப் போட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து, காலியாக இருப்பதைக் காட்டுவேன். "ஓ, மதி, போதும்" என்று எழுந்து போவார். ஒரு மழைக்காலம் போயிற்று. இன்னொரு திவசமும் போயிற்று. எனக்குத் தம்பி மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. வயதானவருக்கு ஆசை காட்டிவிட்டு ஓடிப்போய்விட்டானே!

அடுத்த மேட மாதத்தில், சித்திரை விஷு முடிந்து சில நாட்களில், கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தில் ஒரு பெயர் இருந்தது. வெள்ளைக்காரப் பெயர். இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊர். சோதனையில் வந்த எல்லா எண்களும் அப்பாவுடையதோடு ஒத்துப்போயிருந்தன. நான் குதிக்கப் பார்த்தேன். தம்பி ஃபோனில் என் உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றினான். "ஒரே ஆண் வழின்னுதான் அர்த்தம். பெரியப்பா பிள்ளையாவும் இருக்கலாம், பத்துத் தலைமுறைக்கு முன்னாடி பிரிஞ்ச பங்காளியாவும் இருக்கலாம். அப்பாகிட்டே எதுவும் சொல்லாதே." சொல்லாமல் இருக்க நான் என்ன கல்லா? அப்பா என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து வந்துவிட்டார்.

அந்த மனிதனிடமிருந்து ஈமெயிலில் கடிதம் மறுநாளே வந்தது. அவனுக்கு வயது நாற்பதுக்குக் கிட்ட. அவன் அம்மா அந்த ஊர்க்காரி, காலமாகிவிட்டாள். டாக்டர் ஒருவர் குடும்பத்தில் என்னென்ன நோய் உண்டு என்று கேட்டபோது தன் அப்பா பக்கம் ஒன்றுமே தெரியாததால் இந்தச் சோதனையைச் செய்தானாம். அவன் அப்பா கொச்சியில் கப்பல் ஏறி, சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தவர். நான் அப்பாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். "உங்கள் பெயரை என் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அப்போதிலிருந்து தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே வர மாட்டேன் என்கிறார். தன் குடும்பத்தில் எல்லாரும் செத்துப் போய்விட்டார்கள் என்றுதான் எங்களிடம் இத்தனை நாளும் சொல்லியிருந்தார்."

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "நல்ல குடும்பம்! நாம ஒருத்தரைக் கொன்னோம். அவர் நம்ம அத்தனை பேரையும் கொன்னுட்டாரே!"

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே அழுதார். நான் அப்பா அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது.

உடனே பதில் எழுதி எங்கள் நம்பரையும் கொடுத்தேன். அன்று சாயங்காலம் ஃபோன் அடித்தது. அப்பா எழுந்து நின்றுகொண்டு எடுத்தார். பெரியவர்கள் முன்னால் நிற்பது மாதிரி, மேல்துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டார். ஸ்பீக்கரில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"டேய். இருக்கியாடா?"

"இருக்கேன் அண்ணா." அப்பாவின் குரல் பத்து வயசுப் பையன் குரலாகிவிட்டது. "அண்ணா, அன்னிக்குக் குளத்துப் படியிலே..."

"துண்டுதானே? மறந்துட்டேண்டா. தம்பானூர் ஸ்டேஷன் போனப்புறம்தான் ஞாபகம் வந்தது. திரும்பி வந்தா அப்பா கண்ணிலே படணுமேன்னு பயந்து அப்படியே ரயிலேறிட்டேன். எந்தா, பத்திரமா எடுத்து வெச்சியா?"

பங்காளியாவது, பத்துத் தலைமுறையாவது! அந்தத் துண்டைப் பற்றி வேறு யாருக்குத் தெரியும்? அப்பா பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். எடுத்து வைத்தேன் என்றார். மற்றதைச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் வாரா வாரம் ஃபோன் வந்தது. பெரியப்பாவின் தமிழ் போன அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. எங்கள் தெருவிலேயே யாரும் இப்போது சொல்லாத வார்த்தைகளெல்லாம் வரும். அப்பா உற்சாகமாகப் பேசுவார். வைத்ததும் முகம் விழுந்துவிடும். விஷயம் எனக்குத் தெரியும். மிதுன அமாவாசை வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுச் சடங்குகளைச் செய்து வைக்கும் வாத்தியார் கேட்டுவிட்டார், திவசத்துக்குப் பிராமணர்களுக்குச் சொல்லிவிடட்டுமா என்று. உயிரோடு இருக்கிறவருக்கு எப்படித் திவசம் செய்வது? நிறுத்தினால், இத்தனை வருஷம் செய்ததை எப்படி மறைப்பது?

"மறைக்காதீங்கோ" என்றேன். "இதுக்குத்தானே தேடினேள்?"

"சொன்னா ஊருக்கு வரவே மாட்டான். என்னைக் கொளுத்தினவன் முகத்திலே எப்படி முழிக்கிறதுன்னு நினைப்பான்."

ஆனாலும் அடுத்த ஃபோனில், குசலம்கூட விசாரிக்காமல், அப்பா சொல்லிவிட்டார். "அண்ணா, உன்னை நான் கொளுத்திட்டேன்."

"எப்போ?" என்றார் பெரியப்பா.

அப்பா சொன்னார். தர்ப்பை, கொள்ளி, வருஷா வருஷம் எள்ளும் தண்ணீரும், எல்லாம்.

"எதுக்குடா?"

"எனக்குக் கல்யாணம் ஆகணுமே அண்ணா."

லைன் போய்விட்டது. தானாகப் போயிற்றா, அவர் வைத்தாரா, தெரியவில்லை. நாங்கள் திரும்பக் கூப்பிட்டபோது யாரும் எடுக்கவில்லை. "இப்படியா போட்டு உடைக்கிறது! கொஞ்சம் பக்குவமாச் சொல்லப்படாதோ?" என்று அம்மா அப்பாவைப் பிடிபிடி என்று பிடித்தாள். அப்பா ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாளும் வெறும் மோர்தான். மறைக்காதீர்கள் என்று சொன்ன என் வாயை நானே நொந்துகொண்டேன்.

அதற்கடுத்த நாள் அவருடைய பிள்ளையிடமிருந்து இரண்டு வரி வந்தது. "அப்பா சிரித்துச் சிரித்து இருமல் பிடித்துப் படுத்திருந்தார். இப்போது பரவாயில்லை. மறுபடி உயிரோடு இருக்க என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று கேட்கச் சொன்னார்."

அதை வாத்தியாரிடம் கேட்டோம். மனிதருக்கு ஒரே உற்சாகம். ஏடுகளைப் புரட்டி, வேறு யார் யாருக்கோ மொபைலில் பேசி, ஒரு வழி கண்டுபிடித்தார். கர்மம் செய்யப்பட்டவர் திரும்பி வந்தால் அவர் புதிதாகப் பிறக்க வேண்டும். நெய்யில் குளித்து, ஜாதகர்மம், பெயர் வைப்பது எல்லாம் ஆன பிறகுதான் வீட்டுக்குள் வரலாம். தகப்பன் ஸ்தானத்தில் அப்பா இருந்து செய்ய வேண்டும். அதுவரை ஒருவரையொருவர் பார்ப்பதுகூடத் தோஷமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏழு கடல் தாண்டி வர்றவரை லாட்ஜிலே போடுவேளா? உங்க சாஸ்திரத்துக்குக் கண் இருக்கா?" வாத்தியார் என்னைப் பார்க்காமல் அப்பாவிடம் பேசினார். கடைசியில் பெரியப்பாவே ஃபோனில் தீர்த்து வைத்தார். "விடும்மா. பிறக்கறதுக்கு முன்னாடி ஆத்துக்குள்ளே எப்படி வருவேன்?"

விருச்சிக மாதத்தில், அதாவது கார்த்திகையில், வந்தார், பிள்ளையோடு. தோஷமாவது ஒன்றாவது, விமான நிலையத்துக்கு எல்லாருக்கும் முன்னால் கிளம்பி நின்றவர் அப்பாதான். சட்டையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தார். கண்ணாடிக் கதவு திறந்து, கம்பளிக் கோட்டோடு, அப்பாவின் அதே மூக்கோடு ஒருவர் வெளியே வந்தார். இருவரும் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பா சொன்னார். "எந்தாடா இது, இவ்வளவு கிழவனாப் போயிட்டே?" அப்பா அவர் கையிலிருந்த பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

சடங்கு வீட்டுக் கொல்லையில் நடந்தது. தெருவே எட்டிப் பார்த்தது. நெய்யைத் தடவி, வெந்நீர் ஊற்றி, புது வேஷ்டி சுற்றி, பெரியப்பாவை உட்கார வைத்தார்கள். அவருடைய பிள்ளை வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு, தன் அப்பா பிறப்பதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். பெயரைக் காதில் சொல்ல வேண்டிய நேரம் வந்தது. பெரியப்பாவின் தலையை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு அப்பா குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"என்ன சொல்றே? கேக்கலே" என்றார் பெரியப்பா. குளிப்பதற்காகக் காதுக் கருவியைக் கழற்றி வைத்திருந்தார்.

அப்பா கொஞ்சம் உரக்கச் சொன்னார். அதுவும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை அப்பா தொண்டை கிழியக் கத்தினார். இத்தனை வருஷமாக எள்ளோடும் தண்ணீரோடும் முணுமுணுத்த அந்தப் பெயர் அடுத்த தெரு வரைக்கும் கேட்டது. "ஆங், இப்போ கேட்டுது" என்றார் பெரியப்பா. அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, என்னை மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

பெரியப்பா அவசரப்படாமல் கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, அதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். சுற்றிப் பார்த்தார். என்னை விரலால் காட்டினார். "அசடு! நீ கொளுத்தலேன்னா இவ ஏது? சாஸ்திரிகளையே விரட்டற இப்படி ஒரு பொண் இந்த ஆத்துக்குக் கிடைச்சிருப்பாளா? நல்ல காரியம்தாண்டா பண்ணியிருக்கே."

எல்லாரும் சிரித்தார்கள். நான் நேரே கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். கழுவக் கழுவக் கண்ணில் நீர் நிற்கவில்லை. சின்ன வயதிலிருந்து மனசில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போயிற்று.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மத்தியானம், பெரியப்பா அம்மாவிடம் கேட்டார். "எனக்குன்னு வருஷா வருஷம் பண்ணினியாமே, அது என்னென்ன?" அம்மா தயங்கித் தயங்கிப் பட்டியல் சொன்னாள். "அதையெல்லாம் ஒருநாளும் எனக்குப் போடலையே! இப்போ போடு" என்றார்.

"சிவ சிவா! அது திவசச் சமையலாக்கும். உசிரோட இருக்கறவாளுக்குப் போடப்படாது."

"அத்தனையும் என் பேரிலே பண்ணினது. நான் சாப்பிடாம வேற யார் சாப்பிடறது?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா உத்தரத்தைப் பார்த்தார். மறுநாள் காலையில் சமையலறையிலிருந்து எள் வறுபடும் வாசனை வந்தது. வாத்தியாருக்குச் சொல்ல வேண்டாம் என்று எனக்கு உத்தரவு. பழக்க தோஷத்தில் அம்மா அன்றைக்கும் எதையும் வாயில் போட்டுப் பார்க்கவில்லை. பெரியப்பாவை நடுக்கூடத்தில் உட்கார வைத்து, இலை போட்டு, வடை, எள்ளுருண்டை, துவையல், கிழங்கு எல்லாம் பரிமாறிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

பெரியப்பா வடையை ஒரு வாய் கடித்தார். சாதத்தில் மோர்க்குழம்பை விட்டுப் பிசைந்து ஒரு கவளம் சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாம் நன்னாயிருக்கு" என்றார். "மோர்க்குழம்பிலே மட்டும் உப்புப் பத்தலை."

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, உப்பு எடுத்து வர உள்ளே ஓடினாள்.